நின்ற நேரம் யார் கணக்கில்? – கோவை ஜாப் ஒர்க் பட்டறைக்காரர்களுக்கு ஒரு திறந்த மடல்

கணபதியிலும் ஆவாரம்பாளையத்திலும் பீளமேட்டிலும் குறிச்சி சிட்கோவிலும் இரண்டு லேத், ஒரு சிஎன்சி, நாலைந்து ஆட்கள் என்று பட்டறை நடத்தும் அண்ணன்மார்களுக்கும் தம்பிமார்களுக்கும், வீட்டுக்காரருக்குப் பின்னால் பட்டறையைத் தனியாகத் தாங்கி நடத்தும் அக்காமார்களுக்கும் வணக்கம்.

நான் செலவுக் கணக்கு பார்க்கிறவன். உங்களைப் போன்றவர்களின் நோட்டுகளைப் புரட்டுவதுதான் என் பிழைப்பு. "மணிக்கு என்ன ரேட் போடலாம்?" என்று கேட்டு வருகிறவர்களிடம் நான் பதிலுக்கு இரண்டு கேள்வி கேட்பேன். போன மாதம் உங்கள் ஆள் எத்தனை மணி நேரத்துக்குச் சம்பளம் வாங்கினார்? அதில் எத்தனை மணி நேரம் ஏதாவது ஒரு ஜாப்பின் மேல் இருந்தார்? முதல் கேள்விக்கு எல்லோரிடமும் பதில் இருக்கிறது, அட்டெண்டன்ஸ் நோட்டு பொய் சொல்லாது. இரண்டாவது கேள்விக்குப் பெரும்பாலும் பதில் வருவதில்லை. அந்த இரண்டு எண்களுக்கும் நடுவில் இருக்கும் இடைவெளிதான் நாம் ஐடில் என்று சொல்லும் நின்ற நேரம். அந்த நேரத்துக்கும் சம்பளம் போகிறது. ஆனால் கொட்டேஷனில் அது எங்கேயும் ஏறுவதில்லை.

வழக்கமாக நாம் போடும் கணக்கை எடுத்துக்கொள்வோம். ஆபரேட்டருக்கு மாதம் 18,000 ரூபாய். 26 நாளால் வகுத்து, 8 மணியால் வகுத்தால் மணிக்கு 86 ரூபாய் 54 காசு. அதை 87 என்று வைத்துக்கொண்டு, மேலே மிஷின் தவணை, கரண்ட், வாடகை, லாபம் எல்லாம் ஏற்றி ரேட் சொல்கிறோம். கணக்கு சுத்தமாகத் தெரிகிறது. ஆனால் அந்த ஆள் வருஷத்தின் 312 நாளும் வந்து, 8 மணி நேரமும் இடைவிடாமல் டூலை ஓட்டிக்கொண்டிருந்தால்தான் அந்த 87 உண்மை. அப்படி ஓர் ஆள் எந்தப் பட்டறையிலும் இல்லை, இருக்கவும் கூடாது.

வருஷக் கணக்காகப் போட்டுப் பாருங்கள். சம்பளம் 12 மாதத்துக்கு 2,16,000. தீபாவளிக்கு ஒரு மாதச் சம்பளம் கொடுக்கிறீர்கள், அது 18,000. டீ, பலகாரம் என்று நாளுக்கு 30 ரூபாய் வைத்தால் 300 நாளுக்கு 9,000. மொத்தம் 2,43,000 ரூபாய். பத்துப் பேர் வேலை செய்யும் இடம் என்றால் இ.எஸ்.ஐ.யில் முதலாளி பங்கு 3.25 சதவீதம் சேரும். 20 பேரைத் தொட்டால் பி.எப். 12 சதவீதமும் அதன் நிர்வாகக் கட்டணமும் சேரும். இங்கே சின்னப் பட்டறையை மனதில் வைத்துப் பேசுவதால் அவற்றை விட்டுவிடுகிறேன்.

இனி நாள் கணக்கு. 365இல் 52 ஞாயிறு போனால் 313. தேசிய, பண்டிகை விடுமுறைகள் பற்றிய தமிழ்நாட்டின் 1958ஆம் ஆண்டுச் சட்டப்படி 9 நாள் சம்பளத்தோடு லீவு. மீதி 304. மாதம் ஒரு நாள் சம்பளத்தோடு லீவு என்று வைத்தால் இன்னும் 12 போய் 292 நாள். ஒரு நாளில் சாப்பாட்டு நேரம் போக 8 மணி நேரம் ஆள் பட்டறையில் இருக்கிறார். காலை, மாலை டீக்கு அரை மணி. மிஷினைத் துடைத்து, எண்ணெய் விட்டு, சாயங்காலம் சில்லைக் கூட்டி அள்ளுவதற்குக் கால் மணி. டூல் தேடி, கேஜ் கேட்டு, அடுத்த லாட் காஸ்டிங்கைத் தள்ளிக்கொண்டு வரக் கால் மணி. ஆக ஒரு மணி நேரம் ஜாப்பில் இல்லை. மீதி 7 மணி. 292 நாளுக்கு 2,044 மணி.

2,43,000ஐ 2,044ஆல் வகுத்தால் மணிக்கு 118 ரூபாய் 88 காசு. நாம் 87 என்று நினைத்துக்கொண்டிருந்தது உண்மையில் 119.

இதில் யாரும் ஏமாற்றவில்லை, யாரும் சோம்பேறித்தனம் செய்யவில்லை. ஒழுங்காக நடக்கும் பட்டறையில் ஒழுங்காக வேலை செய்யும் ஆளின் கணக்கு இது. 300 பீஸ் லாட், பீஸுக்கு 20 நிமிஷம் என்றால் 100 மணி நேர வேலை. கூலிச் செலவு 8,700 என்று நினைத்து ரேட் சொல்கிறீர்கள், ஆனது 11,900. அந்த ஒரு லாட்டில் 3,200 ரூபாய் உங்கள் பையிலிருந்து போயிருக்கிறது. வருஷம் முழுக்கப் பார்த்தால் ஓர் ஆளுக்கு 65,000 ரூபாய்க்கு மேல். ஐந்து ஆள் பட்டறையில் மூன்றே கால் லட்சத்தைத் தாண்டுகிறது. மூன்று ஷிப்டு வேலை இருந்தும் கையில் காசு நிற்கவில்லையே என்று புலம்புகிறவர்கள் முதலில் இந்த இடத்தைப் பார்க்க வேண்டும்.

"ஓவர்ஹெட் என்று 20 பர்சென்ட் போட்டிருக்கேனுங்களே, அதுல இதெல்லாம் வந்துருமில்ல?" என்று கேட்பீர்கள். வரலாம், வராமலும் போகலாம். அந்த 20இல் என்னென்ன இருக்கிறது என்று எழுதி வைத்திருக்கிறீர்களா என்பதுதான் கேள்வி. போனஸும் டீச் செலவும் அதில் ஏற்கெனவே இருந்தால் கூலி ரேட்டில் மறுபடி ஏற்றக் கூடாது. அது வாடிக்கையாளரிடம் இரண்டு முறை வாங்குவதாகும். எங்கே ஏற்றினாலும் சரி, ஒரே இடத்தில் ஏற்றுங்கள், எங்கே ஏற்றினோம் என்று தெரிந்து ஏற்றுங்கள்.

இப்போது எது நின்ற நேரம், எது இல்லை என்று பிரிக்க வேண்டும். இங்கேதான் நம் பட்டறைகளில் பெரிய குழப்பம் இருக்கிறது, ஆட்களுக்கு அநியாயமும் இங்கேதான் நடக்கிறது. சிஎன்சியில் ஒரு பீஸுக்கு சைக்கிள் டைம் 6 நிமிஷம் என்று வையுங்கள். ஏற்றி இறக்க ஒரு நிமிஷம். மிஷின் கதவு மூடி ஓடும் 6 நிமிஷமும் ஆபரேட்டர் பக்கத்தில் நிற்கிறார். ஆபீஸ் கண்ணாடி வழியாகப் பார்க்கிற முதலாளிக்கு, "சும்மா நிக்கிறான்" என்று படுகிறது. அவர் சும்மா நிற்கவில்லை. போன பீஸுக்குப் பிசிறு எடுக்கிறார், போரை கேஜ் போட்டுப் பார்க்கிறார், கூலண்ட் சரியாக விழுகிறதா என்று கவனிக்கிறார், இன்சர்ட் தேய்ந்த சத்தம் வருகிறதா என்று காது கொடுத்து நிற்கிறார். அந்தக் காது இல்லாவிட்டால் ஒரு லாட்டே ரிஜெக்ஷன் ஆகும். சும்மா நிற்பதுபோலத் தெரியும் அந்த 6 நிமிஷமும் ஜாப்பின் நேரம்தான். அதை நின்ற நேரம் என்று எழுதினால் ஜாப்பின் செலவு குறைவாகவும் ஆளின் வேலை மட்டமாகவும் தெரியும். இரண்டும் தப்பு. உண்மையிலேயே அவருக்கு நேரம் மிஞ்சுகிறது என்றால் பக்கத்தில் இன்னொரு மிஷினைக் கொடுத்துப் பாருங்கள். இரண்டு மிஷினையும் தரம் கெடாமல் பார்த்துக்கொண்டால் மணிக்கு 119 என்பது மிஷினுக்கு 60 ஆகும். அந்த மிச்சத்தில் ஒரு பங்கு அவர் சம்பளத்தில் ஏறுவது நியாயம்.

செட்டிங்கும் அப்படித்தான். ஃபிக்ஸ்சர் மாற்றி, ஜாவை போர் செய்து, ஆஃப்செட் எடுத்து, முதல் பீஸ் ஓகே ஆகும் வரை மூன்று மணி நேரம் போகிறது. ஒரு பீஸும் வெளியே வராததால் பலர் இதை ஐடில் கணக்கில் தள்ளிவிடுகிறார்கள். அந்த மூன்று மணி நேரம் குறிப்பிட்ட ஒரு லாட்டுக்காகச் செலவானது, அந்த லாட்தான் அதைச் சுமக்க வேண்டும். 119 வீதம் 357 ரூபாய். 500 பீஸ் லாட் என்றால் பீஸுக்கு 71 காசு, யாருக்கும் வலிக்காது. 50 பீஸ் என்றால் பீஸுக்கு 7 ரூபாய்க்கு மேல். "சாம்பிளுக்கு 50 போட்டுக் குடுங்க, பெரிய ஆர்டர் வருது" என்று கேட்டு, பெரிய லாட் ரேட்டிலேயே சின்ன லாட்டை வாங்கிப் போகிறவர்கள் உங்களுக்குத் தெரிந்தவர்கள்தான்.

அடுத்து, உண்மையிலேயே நின்ற நேரத்தை இரண்டாகப் பிரிக்க வேண்டும். எப்படி நடத்தினாலும் வந்தே தீரும் நேரம் ஒன்று. நடந்திருக்க வேண்டாத நேரம் இன்னொன்று. முதல் வகை ரேட்டில் ஏற வேண்டும், மேலே சொன்ன ஒரு மணி நேரம் அந்த வகை. இரண்டாவது ரேட்டில் ஏறக் கூடாது, தனியாக எழுதி நஷ்டக் கணக்கில் வைக்க வேண்டும். இது என் சொந்த யோசனை அல்ல. இந்தியச் செலவுக் கணக்காளர்கள் நிறுவனம் வகுத்திருக்கும் ஏழாவது தரநிலை பணியாளர் செலவைப் பற்றியது. சம்பளம் கொடுத்த நேரத்துக்கும் ஜாப்பில் பதிவான நேரத்துக்கும் உள்ள வித்தியாசமே நின்ற நேரம் என்று அது வரையறுக்கிறது. பெரிய அளவில் வரும் அசாதாரணச் செலவைப் பணியாளர் செலவோடு கலக்கக் கூடாது என்றும் சொல்கிறது. வருஷ முடிவில் சரக்கு மதிப்பு போடும்போது வீணாய்ப் போன கூலியை அதில் சேர்க்கக் கூடாது என்பது கணக்கியல் தரநிலைகளிலும் உண்டு.

எழுத்தில் இது எளிது. பட்டறையில் ஒவ்வொரு காரணமாக எடுத்து வைத்துப் பார்த்தால்தான் சிக்கல் தெரியும். மாதாந்திரப் பராமரிப்புக்காக மின்வாரியம் காலை 9 மணிக்குக் கரண்டை நிறுத்திச் சாயங்காலம் கொடுக்கிறது. முந்தின நாளே பேப்பரில் வந்துவிடுகிறது. இது எந்த வகை? "கரண்ட் போனதுக்கு நான் என்ன பண்ண" என்று இதை எதிர்பாராத நஷ்டமாக நினைக்கிறோம். வருஷா வருஷம், தேதி சொல்லி வருகிற ஒன்று எப்படி எதிர்பாராததாகும்? அது ரேட்டில் ஏற வேண்டிய நேரம். மாதம் ஒரு ஷட்டவுன், ஒவ்வொன்றிலும் 6 மணி நேர உற்பத்தி போகிறது என்றால் வருஷத்துக்கு 72 மணி. 2,044 என்பது 1,972 ஆகிறது, மணி ரேட் 123 ரூபாய்க்குச் சற்று மேல் போகிறது. ஆக, ஷட்டவுனின் விலை மணிக்கு 4 ரூபாய் சொச்சம். வார விடுமுறையை அந்த நாளுக்கு மாற்றி ஞாயிற்றுக்கிழமை ஓட்ட ஆட்களோடு பேசி ஒத்துக்கொண்டால் அந்த 4 ரூபாயும் மிச்சம். மிஷின் பராமரிப்பு, ஸ்டோர் ஒழுங்குபடுத்தல், புது ஆளுக்கு டிராயிங் படிக்கச் சொல்லிக்கொடுப்பது என்று அந்த நாளைப் பயன்படுத்துகிற பட்டறைகளும் உண்டு. அப்போது அது நின்ற நேரமே இல்லை.

தெரு டிரான்ஸ்பார்மர் வெடித்து இரண்டு நாள் இருட்டானால் அது வேறு. ஸ்பிண்டில் பேரிங் போய், சர்வீஸ் ஆள் வரப் பத்து நாள் ஆனால் அது வேறு. 2020 மார்ச் 25 அன்று தொடங்கிய ஊரடங்கு இதற்கெல்லாம் உச்சம். அந்த வாரங்களின் கூலியை, பிறகு செய்த பீஸ்களின் மேல் ஏற்றினால் அந்த விலை எதையுமே சொல்லாது. இதையெல்லாம் தனிப் பக்கத்தில் எழுதி, நஷ்டம் என்று தலைப்புப் போட்டு வையுங்கள். மறைக்க எழுதுவதல்ல இது. அடுத்த வருஷம் ஸ்பேர் பேரிங் வாங்கி வைப்பதா, ஜெனரேட்டர் போடுவதா என்று முடிவு செய்ய அந்தப் பக்கம்தான் உங்களுக்கு வழி காட்டும்.

ஒரே காரணம் ஒரு வகையிலிருந்து இன்னொன்றுக்கு மாறுவதும் உண்டு. 2008க்குப் பிறகு சில வருஷங்கள் தமிழ்நாட்டில் மின்வெட்டு எப்படி இருந்தது என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. பைக்காரா மின்சாரத்தால் 1930களில் மில் நகரமாக எழுந்த கோவையில், 2012இல் பட்டறைக்காரர்கள் நாளில் பல மணி நேரம் இருட்டில் உட்கார்ந்திருந்தார்கள். முதல் சில மாதங்களுக்கு அது அசாதாரணம். வருஷக்கணக்கில் தொடர்ந்தபோது அதுவே அன்றாடம் ஆகிவிட்டது. ஆனால் பலர் பழைய ரேட்டிலேயே ஓட்டினார்கள், ஜெனரேட்டர் டீசலையும் நின்ற கூலியையும் தாங்களே சுமந்தார்கள், பட்டறையை மூடியவர்களும் உண்டு. நின்ற நேரத்தை மாதா மாதம் எழுதி வைத்திருந்தவரிடம் வாடிக்கையாளர் முன் வைக்க ஒரு தாளாவது இருந்திருக்கும்.

ஆர்டர் இல்லாமல் நிற்கும் நேரத்தைப் பற்றிக் கொஞ்சம் நின்று பேச வேண்டும். அதிகம் தவறு நடப்பது இங்கே. ஹென்றி கேன்ட் என்ற அமெரிக்கப் பொறியாளரின் பெயரில் உள்ள அட்டவணையை உங்கள் வாடிக்கையாளர்களின் பிளானிங் டிபார்ட்மென்டில் பார்த்திருப்பீர்கள். அவர் 1915இல் அமெரிக்க இயந்திரப் பொறியாளர் சங்கத்தில் உற்பத்திக்கும் செலவுக்கும் உள்ள உறவு பற்றி ஒரு கட்டுரை படித்தார். ஒரு பொருளைச் செய்யத் தேவைப்பட்ட செலவை மட்டுமே அந்தப் பொருள் சுமக்க வேண்டும், நின்ற மிஷினின் செலவை ஓடிய மிஷினின் பொருள் மேல் ஏற்றக் கூடாது என்பது அவர் வாதம். அன்றைய தொழிற்சாலைகளில் ஆர்டர் குறைந்த மாதத்தில் மொத்தச் செலவையும் இருக்கிற சில பீஸ்களின் மேல் பரப்பினார்கள். அதனால் ஆர்டர் குறையக் குறையப் பீஸின் விலை கூடியதாகக் கணக்கு காட்டியது.

நம் கணக்கிலேயே இதைப் பாருங்கள். ஒரு மாதம் பாதி வேலைதான் வந்தது. வேலை நடந்த பாதி நேரத்தின் மேல் முழுச் சம்பளத்தையும் ஏற்றினால் மணிக்கு 119 என்பது 238 ஆகும். அந்த ரேட்டைச் சொன்னால் அடுத்த மாதம் இருக்கிற பாதியும் போகும். ரேட் போடத் தெரியாதவர் நஷ்டப்படுவது போல, ரேட்டில் எல்லாவற்றையும் ஏற்றுகிறவரும் நஷ்டப்படுவார். ஆர்டர் இல்லாமல் நின்றது உங்கள் வியாபாரத்தின் நஷ்டம், ஓடிய பீஸின் செலவல்ல.

சுணக்க மாதத்தில் 119க்குக் கீழே இறங்கலாமா? இறங்கலாம். ஆட்களுக்கு எப்படியும் சம்பளம் கொடுக்கத்தான் போகிறீர்கள். கரண்டும் இன்சர்ட்டும் போகச் சம்பளத்துக்கு ஏதாவது தேறும் வேலை என்றால் சும்மா நிற்பதைவிட மேல். ஆனால் எத்தனை ரூபாய் இறங்குகிறோம், எத்தனை நாளைக்கு என்று தெரிந்து இறங்க வேண்டும். கொட்டேஷனில் தேதி போட்டு, இந்த லாட்டுக்கு மட்டும் என்று எழுத வேண்டும். இல்லாவிட்டால் சுணக்க மாதத்து ரேட் நிரந்தர ரேட் ஆகிவிடும், வாடிக்கையாளர் உங்கள் குறைந்த ரேட்டை ஒருநாளும் மறக்கமாட்டார்.

இனி வாடிக்கையாளரால் நிற்கும் நேரம். லேபர் ஜாப்பில் காஸ்டிங் அவர்களுடையது, டிராயிங் அவர்களுடையது, சிறப்புக் கேஜ் அவர்களுடையது, இன்ஸ்பெக்டரும் அவர்களுடையவர். திங்கட்கிழமை வர வேண்டிய காஸ்டிங் வியாழக்கிழமை வருகிறது. முதல் பீஸ் ஓகே சொல்ல வேண்டிய ஆள் மத்தியானத்துக்கு மேல் வருகிறார். பாதி லாட் ஓடும்போது டிராயிங் மாறியது, நிறுத்தி வையுங்கள் என்று போன் வருகிறது. நமக்கு இது பழகிப்போய்விட்டது. லாரிக்காரர் லோடு இறக்க ஒரு நாள் காத்திருந்தால் ஹால்டிங் சார்ஜ் கேட்கிறார், கொடுக்கவும் செய்கிறோம். 25 லட்ச ரூபாய் சிஎன்சியும் அதன் ஆபரேட்டரும் இரண்டு நாள் காத்திருந்ததற்கு மட்டும் நாம் கேட்பதில்லை.

கேட்டால் வேலை போய்விடும் என்ற பயம் எனக்குப் புரிகிறது, அது நியாயமான பயம். ஆனால் ஒன்றை யோசியுங்கள். உங்களால் அவர்கள் அசெம்பிளி லைன் நின்றால் லைன் ஸ்டாப்பேஜ் என்று டெபிட் நோட் வருகிறதே? நின்ற நேரத்துக்கு விலை உண்டு என்பதை அவர்கள் ஏற்கெனவே ஒத்துக்கொண்டிருக்கிறார்கள். அதன் இன்னொரு பக்கத்தைத்தான் நாம் காட்ட வேண்டும். எடுத்தவுடன் பில் போடாதீர்கள். மூன்று மாதம் எழுதுங்கள்: இந்தத் தேதியில் காஸ்டிங் வர வேண்டியது, இந்தத் தேதியில் வந்தது, டெலிவரி சலான் நம்பர் இது, நின்றது இத்தனை மணி. மாதக் கடைசியில் பணம் கேட்காமல் தகவலுக்காக அனுப்புங்கள். அவர்கள் பர்ச்சேஸ் ஆபீஸில் அது ஓர் ஃபைலில் சேரும். ரேட் திருத்தும் பேச்சு வரும்போது அந்தத் தாள்களை மேஜை மேல் வையுங்கள். கூலி ஏறிப்போச்சுங்க என்று பொதுவாகச் சொல்வதற்கும், உங்களால் மூன்று மாதத்தில் 41 மணி நேரம் நின்றோம் என்று காட்டுவதற்கும் வித்தியாசம் இருக்கிறது. புதுக் கொட்டேஷன்களில், காஸ்டிங் தாமதமானால் இத்தனை மணி வரை எங்கள் பொறுப்பு, அதற்கு மேல் மணிக்கு இவ்வளவு என்று ஒரு வரி சேருங்கள். பத்துப் பேரில் இரண்டு பேர் ஒத்துக்கொண்டாலும் அது ஆரம்பம்.

ஓவர்டைமும் இதோடு ஒட்டி வரும். பகலில் நின்ற வேலையை ராத்திரி ஓட்டி ஈடுகட்டுகிறோம். ஓவர்டைமுக்கு இரட்டைக் கூலி என்று 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டமே வைத்தது. கூடுதலாகப் போகும் அந்த ஒரு பங்கு யார் கணக்கு? வாடிக்கையாளர் அவசரப்படுத்தியதால் என்றால் அந்த ஜாப்பின் கணக்கு. மிஷின் ரிப்பேரால் என்றால் நஷ்டப் பக்கம். இரண்டும் இல்லாமல் வழக்கமாகவே ராத்திரி ஓட்டுகிறீர்கள் என்றால் பொதுச் செலவு.

இந்த மடலில் எனக்கு மிகவும் முக்கியமானது இனி வருவது. நின்ற நேரத்தின் செலவை ரேட்டில் வாங்காத பட்டறை அதை எங்கேயாவது வாங்கியே ஆக வேண்டும். கொஞ்ச நாள் முதலாளி தன் பையிலிருந்து போடுவார். பிறகு அது ஆள் மேல் இறங்கும். "கரண்ட் இல்ல, வீட்டுக்குப் போ, அரை நாள் போட்டுக்கறேன்" என்பது இந்த ஊரில் சாதாரணமாகக் காதில் விழும் பேச்சு. ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் வந்து பட்டறைக்குப் பின்னாலேயே தங்கியிருக்கும் பையனுக்கு வீட்டுக்குப் போ என்று சொல்ல வீடுகூட இல்லை. அவன் காலையில் வந்தான், வேலை செய்யத் தயாராக நின்றான். கரண்ட் இல்லாதது அவன் குற்றமல்ல.

சட்டமும் இதைத்தான் சொல்கிறது. நாள் கணக்கில் குறைந்தபட்சக் கூலி நிர்ணயிக்கப்பட்ட ஒருவர் வேலைக்கு வந்து, முழு நேரமும் வேலை செய்யாமல் போனதற்குக் காரணம் அவருடைய மனமின்மை இல்லை, முதலாளியால் வேலை கொடுக்க முடியாததுதான் என்றால், முழு நாள் கூலி பெற அவருக்கு உரிமை உண்டு. 1948ஆம் ஆண்டுக் குறைந்தபட்சக் கூலிச் சட்டத்தின் 15ஆம் பிரிவில் இது இருந்தது. 2025 நவம்பர் 21 அன்று நடைமுறைக்கு வந்த 2019ஆம் ஆண்டு ஊதியச் சட்டத் தொகுப்பிலும் 10ஆம் பிரிவாகத் தொடர்கிறது. லே ஆஃப் என்றால் பாதிச் சம்பளம் போதுமே என்று சிலர் சொல்வார்கள். 1947ஆம் ஆண்டுத் தொழில் தகராறுச் சட்டத்தின் அந்த ஏற்பாடு 50 பேர், அதற்கு மேல் உள்ள நிறுவனங்களுக்காக வகுத்தது. ஐந்து ஆள் பட்டறையில் அரை நாள் கரண்ட் போனதற்கு அதைச் சாக்காகக் காட்ட முடியாது.

கூலியைப் பிடித்தால் கணக்கும் கெடும். நின்ற நேரத்துக்குத் திட்டோ பிடித்தமோ வரும் என்று தெரிந்தால் எந்த ஆளும் ஜாப் கார்டில் நின்ற நேரத்தை எழுதமாட்டார். 20 நிமிஷப் பீஸுக்கு 26 நிமிஷம் என்று எழுதி நாளை நிரப்பிவிடுவார். அவரைக் குற்றம் சொல்ல முடியாது, யார் இருந்தாலும் அதையேதான் செய்வார்கள். விளைவு என்ன? கார்டில் ஐடில் பூஜ்யம். ஜாப் எல்லாம் 30 சதவீதம் கூடுதல் நேரம் எடுப்பதாகக் காட்டும். அதை நம்பி நல்ல ஜாப்பை நஷ்ட ஜாப் என்று நினைத்து விட்டுவிடுவீர்கள். காஸ்டிங் தாமதமும் கேஜ் பற்றாக்குறையும் ஒரு தாளிலும் தெரியாது. ஆகவே கார்டைக் கையில் கொடுக்கும் முன் ஆட்களை உட்காரவைத்துச் சொல்லுங்கள்: நின்ற நேரத்தை உள்ளபடி எழுதுங்க, ஒரு பைசா பிடிக்கமாட்டேன். சொன்னபடி நடந்தும் காட்டுங்கள். முதல் மாதம் எண்கள் மோசமாகத்தான் வரும், அந்த எண்கள்தான் உண்மை.

இதற்கு சாப்ட்வேர் வேண்டியதில்லை. இருக்கிற ஜாப் கார்டில் இரண்டு கட்டம் சேர்த்தால் போதும்: எத்தனை நிமிஷம் நின்றது, ஏன். காரணத்துக்கு கரண்ட், காஸ்டிங் வரவில்லை, டூல் அல்லது கேஜ் இல்லை, மிஷின் ரிப்பேர், இன்ஸ்பெக்ஷன், ஆர்டர் இல்லை என்று ஆறு சொற்களைச் சுவரில் எழுதி ஒட்டுங்கள். தமிழ் தெரியாத பையன் இருந்தால் அவனுக்குத் தெரிந்த எழுத்திலும் எழுதுங்கள். பத்து நிமிஷத்துக்குக் குறைந்ததை எழுத வேண்டாம், எழுதுவதே ஒரு வேலையாகிவிடும். சனிக்கிழமை சாயங்காலம் கூட்டிப் பாருங்கள். சம்பளம் கொடுத்த மணியோடு, ஜாப்பில் ஏறிய மணியும் நாளுக்கு ஒரு மணி என்று ஏற்கெனவே கழித்த நேரமும் காரணத்தோடு நின்ற மணியும் சேர்ந்து ஏறக்குறைய பொருந்த வேண்டும். பொருந்தவில்லை என்றால் எங்கேயோ பயம் இன்னும் இருக்கிறது என்று அர்த்தம்.

ஆளுக்கு ஆள் தனியாகச் சொல்லாமல் உங்கள் எல்லோருக்கும் சேர்த்து இதை எழுதுவதற்குக் காரணம் உண்டு. ஒரே தெருவில் ஒருவர் கணக்குப் போட்டு 119ஐ வைத்து ரேட் சொன்னால், கணக்குப் போடாத பக்கத்துப் பட்டறை 87ஐ வைத்துச் சொல்லி வேலையை எடுத்துக்கொள்கிறது. எடுத்தவரும் பிழைப்பதில்லை, இரண்டு வருஷத்தில் மிஷினை வந்த விலைக்கு விற்கிறார். அதற்குள் அந்த 87 சந்தை ரேட் ஆகிவிடுகிறது. பர்ச்சேஸ் மேனேஜர்கள் நம் ரேட்டை நிர்ணயிப்பதாக நாம் நினைக்கிறோம். நம்மில் கணக்குப் போடாதவர்தான் நிர்ணயிக்கிறார், அவர்கள் அதைக் காட்டி நம்மிடம் பேரம் பேசுகிறார்கள்.

அடுத்த மாதம் 1ஆம் தேதி அந்த இரண்டு கட்டங்களையும் ஜாப் கார்டில் சேருங்கள். மூன்று மாதம் விடாமல் எழுதுங்கள். உங்கள் சங்கக் கூட்டத்துக்கு அந்தத் தாள்களோடு வாருங்கள். வாடிக்கையாளர் பெயரையும் ரேட்டையும் காட்ட வேண்டாம், நின்ற மணிகளையும் காரணங்களையும் மட்டும் ஒன்றாக வைத்துப் பார்ப்போம். கணக்குப் போட யாருக்கு உதவி வேண்டுமானாலும் உட்கார்ந்து போட்டுத் தருகிறேன், அதற்குக் கட்டணம் வேண்டாம். அதுவரை ஒன்றே ஒன்று கேட்கிறேன். வருகிற ஷட்டவுன் நாளில் உங்கள் ஆட்களுக்கு முழுச் சம்பளம் போடுங்கள், அதற்கான 4 ரூபாயை அடுத்த கொட்டேஷனில் கேளுங்கள்.

அன்புடன்,
செலவுக் கணக்காளர் ஒருவர்,
கோயம்புத்தூர்